எதுவரைக்கும் அம்மா

பிப்ரவரி 9

சின்னவளே,

அன்றைக்குப் போனில் நீ கத்தியதும் நான் கத்தியதும் போக, நடந்தது என்ன என்று உனக்கு முழுதாகப் புரிந்திருக்காது. பாதியில் துண்டித்தது நான்தான். கை தவறி இல்லை, வேண்டுமென்றே. என் போனை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டு நெட் இணைப்பை நானே போய் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இனி உனக்கும் எனக்கும் தபால்தான்.

நடந்தது இது. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த உன் மகள், நம் கட்டிங் மாஸ்டர் மிச்சத் துணியில் தைத்துக் கொடுத்த மஞ்சள் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் கடையின் முன்பக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பையிலிருந்த புத்தகங்களைக் கட்டிலில் கொட்டி, அதில் இரண்டு உடுப்பையும் பல் துலக்கும் பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விட்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மருந்துக் கடை மூடிக் கிடக்கிறதே, அதன் வாசலில் போய் நின்றிருக்கிறாள். அம்மா வந்திருக்கிறாளாம். பெரியம்மாவுக்குத் தெரியாமல் அங்கே வரச் சொன்னாளாம்.

மாஸ்டர் நூல் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தார். "பிள்ளையை அப்புறம்தாம்மா பார்த்தேன், கவுனைத்தான் முதல்ல பார்த்தேன், நான் வெட்டின துணியாச்சே" என்றார். அவர் அவளை நெருங்கும்போது ஒரு கார் ஓரமாக வந்து, அவரைக் கண்டதும் நிற்காமல் போய்விட்டது. அம்மா போகிறாள் என்று அவள் அலறி, பிடித்திருந்த மாஸ்டரின் கையைக் கடித்தாள். இன்னும் அவர் கட்டைவிரலில் துணி சுற்றித்தான் கத்தரி பிடிக்கிறார்.

மாதக்கணக்காக உன் படத்தை வைத்துக்கொண்டு யாரோ உன் மகளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. குரலே கிடையாது, வேலை இடத்தில் பேசக் கூடாது என்று சொல்லி எல்லாம் எழுத்துதான். அதைப் படித்துப் படித்துத்தான் அவளுக்கு வாசிப்பு ஓடியிருக்கிறது. பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள் என்று டீச்சர் மெச்சினாள், நான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். எத்தனையோ தடவை எட்டிப் பார்த்தேன், திரையில் உன் முகம். தாயும் மகளும் பேசட்டும் என்று விலகிப் போனேன்.

தெரியாத பேரில் வந்ததற்கு ஏன் பதில் போட்டாய் என்று கேட்டேன். "கடுகுன்னு கூப்பிட்டாங்க பெரியம்மா. யார் பேர்ல வந்தாலும் கடுகுன்னு கூப்பிட்டா அது நான்தான்னு அம்மாவே சொல்லியிருக்காங்களே" என்றாள். நல்ல பாடம் சொல்லிக் கொடுத்தாய். கதவைத் திறந்து வைத்து, திருடனுக்கு விளக்கும் பிடித்த மாதிரி.

உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அனுப்பிய படங்களிலும் கூசுகிற மாதிரி எதுவும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் வந்திருக்கும் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள்.

உன் அக்கா

பிப்ரவரி 22

அக்காவுக்கு,

கடிதத்தைப் பிரிக்கவே பயமாக இருந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன், என்ன செய்தேன் என்று தெரியாது. இந்த ஓட்டலில் ஒரு நாளைக்கு வருகிற படுக்கை விரிப்புகளைக் குவித்தால் நம் வீட்டு உத்தரம் தொடும். அதையெல்லாம் சூடான உருளைக்குள் விட்டு மறுபக்கம் மடித்து எடுக்க வேண்டும். நேற்று நான் மடித்ததெல்லாம் கோணல். மேற்பார்வைக்காரி திட்டினாள், காதில் விழவில்லை.

நீ என்னைச் சொல்லிவிட்டாய். நானும் கேட்கிறேன். பிள்ளையை உன் கையில்தானே கொடுத்துவிட்டு வந்தேன்? உன் வீட்டில், உன் போனில், உன் கண்ணுக்கு முன்னால்தானே நடந்தது? ஒரு நாள், ஒரே ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுகிறாய் என்று கேட்டிருக்கக் கூடாதா?

கடுகு என்ற அந்தச் செல்லப் பேர் விஷயம் நான் திமிரில் சொன்னதில்லை அக்கா. இங்கே வேலைக்குள் நுழையும்போது போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். விடுதிக்கு வந்தால் என் போனில் பேச முடிகிற ஆப் எதுவும் ஓடாது, இந்த நாட்டில் ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று தேட வேண்டும். ஒரு நாள் என் அறையில் இருக்கும் கொண்டைக்காரி போனில், ஒரு நாள் சமையற்கட்டுப் பெண் போனில், அவரவர் பேரில்தான் உங்களைக் கூப்பிட்டேன். பிள்ளை யாரோ என்று பயந்து எடுக்காமல் விட்டுவிடுவாள். மூன்று வாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அதனால்தான் ஒரு அடையாளம் வைத்தேன். நம் வீட்டைத் தாண்டி அந்தப் பேர் யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் வைத்தேன். அதை யார் வெளியே சொன்னது? நானா?

விடுப்புக் கேட்டேன். மாற்று ஆள் வந்தால்தான் விடுவார்களாம், என் பாஸ்போர்ட்டை ஓட்டல்காரர்களே வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிய அடுத்த வருஷமாகும்.

மாஸ்டர் போனிலாவது ஒரு தடவை அவளோடு பேச விடு. நான் இங்கே இருக்கிறேன், வரவில்லை, காரில் போனது நான் இல்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும். அவள் மாஸ்டரைக் கடித்ததற்காக அடித்தாயா? அடிக்காதே.

தங்கை

மார்ச் 6

சின்னவளே,

அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை, அழுதுவிட்டு எழுந்திருப்பாள்.

மாஸ்டர் போனில் உன்னைக் கூப்பிடலாம் என்று அவளிடம் சொன்னேன். வெட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். உன் படத்தைக் காட்டினேன். "அந்த அம்மாவும் இதே படம்தான் வச்சிருந்தாங்க" என்கிறாள். ஆத்திரத்தில் நான் அன்றைக்கே ஒன்று சொல்லிவிட்டேன், அதுதான் இப்போது வினையாக நிற்கிறது. அது உன் அம்மாவே இல்லை என்று கத்திவிட்டேன். அவள் யோசித்து யோசித்து, இரண்டு நாள் கழித்து ஊக்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "எதுவரைக்கும் அம்மா பெரியம்மா? எப்போலேருந்து இல்ல?" போனில் பேசிய எல்லாருமே பொய்யோ என்று அவளுக்கு இப்போது ஒரு சந்தேகம். அப்பாவைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளை, நீ போன பிறகு அம்மாவையும் போனில் மட்டுமே பார்த்தாள். அதுவும் போய்விட்டது.

பேர் எப்படி வெளியே போனது என்று கேட்டாய். சொல்கிறேன், சந்தோஷப்பட்டுக்கொள். ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரி தன் போனில் நம் கடைப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கடைக்காக நான் படம் போடுவேன் அல்லவா, புது மாடல் கவுன், பள்ளிச் சீருடை, எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நிற்பது உன் மகள்தான். வேறு யாரை நிறுத்துவேன்? எங்கள் கடுகுக்கு எது போட்டாலும் அழகு என்று நானே எழுதியிருக்கிறேன். நீ கிளம்பிய அன்று மூன்று பேரும் எடுத்துக்கொண்ட படமும் அதில் இருக்கிறது, கடல் தாண்டிப் போகிறாள் எங்கள் சின்னவள் என்று. சட்டைப் பையில் பள்ளிக்கூடத்தின் பேர், பின்னால் கடைப் பலகையில் தெருப் பேர். "இதுக்கு மேல அவங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றாள் போலீஸ்காரி. நாலு பேர் பார்த்தால்தானே கடை ஓடும், அதற்கு நான் என்ன செய்ய. மாஸ்டர் போனிலிருந்து எல்லாப் படத்தையும் நீக்கிவிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்தாயிற்று.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நீ பத்துப் பேர் போனிலிருந்து பேசியதால், எந்தக் கணக்கு உன்னுடையது, எது அந்த ஆளுடையது என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. அந்த ஆள் நடுவில் கணக்கை மாற்றி மாற்றி வந்திருக்கிறான். உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் போலிருக்கிறது. சந்தேகமானவற்றை ஸ்டேஷனில் பார்த்து எழுதியிருக்கிறேன். உன்னுடையது எது, இல்லாதது எது என்று எழுது.

"சாப்பிட்டியா? ஹோம்வொர்க் முடிச்சியா? பெரியம்மா சொல்றதக் கேளு."

"பல்லு ஆடுதுன்னியே, விழுந்துடுச்சா? எந்தப் பக்கம்?"

"இன்னிக்கு கிளாஸ்ல யார் பக்கத்துல உக்காந்த? அவ இன்னும் உன்கூட டூ தானா?"

"தூக்கம் வரலன்னா கண்ண மூடிக்கோ, அம்மா தலைய தடவிக் குடுக்கிறேன்னு நினைச்சுக்கோ."

"இத பெரியம்மாகிட்ட சொல்லாத. நமக்குள்ள இருக்கட்டும்."

கடைசியாக இருப்பது யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. இருந்தாலும் நீ எழுதினால்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்களாம்.

அக்கா

மார்ச் 18

அக்கா,

முதலாவது என்னுடையது.

பல் என்னுடையது இல்லை. அவளுக்குப் பல் ஆடியதே எனக்குத் தெரியாது. வகுப்பில் யாரோடோ டூ விட்டிருந்தாள் என்பதும் தெரியாது. நான் கூப்பிட்டால் எனக்குப் பின்னால் நாலு பேர் போனுக்காக நிற்பார்கள். சாப்பிட்டியா, படிச்சியா, சொல்பேச்சுக் கேள், வைக்கட்டுமா. அதற்குமேல் நேரம் இருந்ததில்லை. நேரம் இருந்த ஆள் கேட்டிருக்கிறான்.

தூக்கம் வராதது பற்றி இருக்கிறதே, அது என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியிருப்பேன் என்று தோன்றுகிறது. எழுதியிருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. கொண்டைக்காரியின் போனைக் கெஞ்சி வாங்கி மேலும் கீழும் தேடிப் பார்த்தேன், பழையதெல்லாம் அழிந்திருக்கிறது. ஒரு திருடன் எழுதியதா, நான் எழுதியதா என்று எனக்கே சொல்ல முடியவில்லை. தெரியாது என்றே அவர்களிடம் சொல்லிவிடு.

கடைசியாக இருப்பது என்னுடையது.

ஆமாம் அக்கா, என்னுடையது. போன வருஷம் உருளையில் என் கை பட்டு வெந்துவிட்டது. கட்டுப் போட்டிருந்ததைப் பிள்ளை வீடியோவில் பார்த்துவிட்டாள். உனக்குத் தெரிந்தால் திரும்பி வா என்று ஒற்றைக்காலில் நிற்பாய். அதனால் அப்படி எழுதினேன். ஒரே தடவை என்று சொல்ல வந்தேன், ஒரே தடவை இல்லை. சம்பளம் தாமதமானபோதும், காய்ச்சலில் கிடந்தபோதும் அப்படித்தான் எழுதினேன். அவளும் ஒரு தடவைகூட உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். சொல்லிக்கொள். ஆனால் அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுதிவிடு.

தங்கை

மார்ச் 31

சின்னவளே,

சொல்லத்தான் போகிறேன். வேலியே பயிரை மேய்ந்தால் விளைந்தது எப்படி வீடு வந்து சேரும்? நான் அவளிடம் உன்னைப் பற்றி எத்தனை தடவை கேட்டிருப்பேன். அம்மா நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்க என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாள். அந்த ஆள் புதிதாக எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீ பழக்கி வைத்ததை எடுத்துக்கொண்டான். நீ அந்தப் பக்கம் வாய் பூட்டினாய், நான் இந்தப் பக்கம் ஊர் முழுக்கக் காட்டினேன். நடுவில் பிள்ளை.

சரி, கை இப்போது எப்படி இருக்கிறது? எழுது. இனிமேல் எனக்குத் தெரியக் கூடாதது என்று ஒன்றும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசி ஆலோசனை சொல்கிற ஒரு கவுன்சிலர் அம்மா இருக்கிறாள், போய் வந்தோம். நெட்டை வெட்டியதைப் பெருமையாகச் சொன்னேன். "வெட்டிட்டீங்க, சரி. பக்கத்து வீட்டுல, அவ ஃபிரெண்ட் வீட்டுல எல்லாம் வெட்டுவீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் பிள்ளை அடுத்த தடவை ஏதாவது நடந்தாலும் சொல்லாது, சொன்னால் போன் போய்விடும் என்றுதான் கற்றுக்கொள்ளும் என்றாள். போனைக் கூடத்தில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் என்ன பார்க்கிறாள் என்று நாமும் பார்க்க வேண்டுமாம். திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக. தப்பு உன் பேரில் இல்லை என்று உன் மகளிடமும் சொன்னாள். அவள் தலையை ஆட்டினாள், நம்பிய மாதிரி தெரியவில்லை.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். கடுகு என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. மாஸ்டரிடம் போய் விரலைப் பார்த்துவிட்டு வருகிறாள், பேச்சு இல்லை. அவர்தான் அவளுக்கு வண்ணம் பிரிக்கச் சொல்லிப் பொத்தான்களைக் கொட்டிக் கொடுப்பார். பிரித்ததை இவள் மறுபடி கலந்துவிட்டு, மறுபடி பிரிக்கிறாள்.

போன வாரம் அவளாகவே வந்து, கடிதம் எழுதுவது யார் என்று கேட்டாள். அம்மா என்றேன். எப்படித் தெரியும் என்றாள். கையெழுத்து என்றேன். அதுவும் அவளுக்குப் போதவில்லை. நான் கேட்கிறதை எழுதுங்கள், அம்மாவாக இருந்தால் தெரியும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

என் பல் எந்தப் பக்கம் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நான் யாரோடு டூ விட்டேன், எதற்காக. மாஸ்டர் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார். எனக்கு எதைக் கண்டால் ரொம்பப் பயம்.

பதில் எழுது.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும்.

நாலு கேள்வியையும் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பயம் என்றால் பல்லி என்று எழுதலாமா என்று பார்த்தேன், அது அவள் சின்னதாக இருந்தபோது. இப்போதும் பல்லிதானா?

உன் காலில் விழுகிறேன், பதிலை எழுதி அனுப்பு. உனக்குத் தெரிந்திருக்கும், இல்லையென்றால் மாஸ்டரிடமும் டீச்சரிடமும் கேள். நான் என் கையால் எழுதி அனுப்புகிறேன். யாருக்கு என்ன நஷ்டம்? அவள் என் பிள்ளை, நான் அவள் அம்மா, இதில் பொய் எங்கே இருக்கிறது? இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு தடவை அவள் நம்பிவிட்டால் போதும், அப்புறம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

சீக்கிரம் எழுது அக்கா. தாமதமானால் எனக்குத் தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவாள்.

தங்கை

ஏப்ரல் 23

சின்னவளே,

அனுப்ப மாட்டேன்.

எனக்கே இரண்டுக்குத்தான் பதில் தெரியும், அது வேறு சங்கதி. நாலும் தெரிந்திருந்தாலும் அனுப்ப மாட்டேன். அந்த ஆள் என்ன செய்தான்? நான் போட்ட படத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்து பார்த்தவன் மாதிரி பேசினான். நான் எழுதி அனுப்பி நீ அவளுக்குச் சொன்னால் அதுவும் இதுவும் ஒன்றுதான். அவளுக்கு ஒரு நாள் தெரியும். அன்றைக்கு அவளுக்கு நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன்.

பதில் வந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறாள். உனக்குத் தெரிந்ததை எழுது. தெரியாவிட்டால் அதையும் நீயே எழுது.

அக்கா

மே 5

அக்கா,

உன் மேல் வந்த கோபத்தில் நாலு நாள் எழுதவில்லை. பல்லி என்றும், இடது பக்கம் என்றும் ஒரு தாள் எழுதினேன். குருட்டாம்போக்கில் ஒன்றாவது சரியாக இருக்குமே என்று. கிழித்துவிட்டேன்.

உள்ளே வைத்திருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டு. எதையும் விடாதே, எதையும் சேர்க்காதே. அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. அவள் என்னை அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். விரிப்புகளை மடித்துக்கொண்டு இங்கே இருப்பேன், வேறென்ன.

தங்கை

(உள்ளே இருந்த தாள்)

என் தங்கமே,

செல்லப் பேர் சொன்னால் நீ திரும்புவதில்லையாம், அதனால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

உன் பல் எந்தப் பக்கம் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. விழுந்ததே பெரியம்மா எழுதித்தான் தெரியும். நீ யாரோடு டூ விட்டாய் என்று தெரியாது. மாஸ்டர் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று தெரியாது. நீ எதற்குப் பயப்படுவாய் என்று முன்னால் தெரியும், இப்போது தெரியாது. நான் கேட்டதே இல்லை. நீ சொல்ல ஆரம்பித்தபோதும் வைக்கட்டுமா என்று சொல்லியிருக்கிறேன்.

காரில் வந்தது நான் இல்லை. நான் இங்கேயேதான் இருந்தேன். நான் வருவதானால் நேராகக் கடை வாசலுக்கு வருவேன், பெரியம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு வருவேன்.

பெரியம்மாவிடம் சொல்லாதே என்று நான் உன்னிடம் எழுதியது தப்பு. இனிமேல் யாராவது உன்னிடம் அப்படிச் சொன்னால், அதை உடனே போய் பெரியம்மாவிடம் சொல். நானே சொன்னாலும் சொல். அதற்காக யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள். போனையும் பிடுங்க மாட்டார்கள்.

உனக்குச் சொல்ல இஷ்டம் இருந்தால் நாலு பதிலையும் எனக்கு எழுது.

அம்மா

மே 19

சின்னவளே,

உன் தாள் செவ்வாய்க்கிழமை வந்தது. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பொத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, நீ சொன்னபடியே விடாமல் சேர்க்காமல் படித்தேன். தெரியாது என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் எனக்குக் குரல் இறங்கிவிட்டது. மாஸ்டர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

முழுதையும் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு தாளை வாங்கி அவளே எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

"இது அம்மாதான் பெரியம்மா" என்றாள்.

ஒரு பதில்கூட இல்லையே, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நம்ம அம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாது."

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. பொத்தானில் சிவப்பு எது ஆரஞ்சு எது என்று சொல்வாளே, அப்படித்தான் சொன்னாள். உன்னிடம் இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நமக்குள் இனி ஒளிவு இல்லை என்று நான்தானே சொன்னேன்.

அந்த ஆள் அகப்படவில்லை. கணக்குகள் எல்லாம் காணாமல் போய்விட்டனவாம், கிடைக்கும் என்று போலீஸ்காரியும் உறுதியாகச் சொல்லவில்லை. நெட் இணைப்பைத் திரும்ப வாங்கலாம் என்று இருக்கிறேன். என் போன் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்ததும் வெட்டு மேசை மேல், எல்லார் கண்ணுக்கும் படுகிற இடத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாஸ்டர் போனுக்குக் கூப்பிடு. கொண்டைக்காரி போனிலிருந்து மட்டும் கூப்பிடு, வேறு எதிலிருந்தும் வேண்டாம். உன் மகள் பேசச் சம்மதித்துவிட்டாள். நாலு பதிலையும் அவளே சொல்வாளாம். உனக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றாலும் அன்றைக்கு வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டுவிடாதே.

இன்னும் ஒன்று. உன் தாளை மடித்துத் தன் பென்சில் டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு, "அந்த அம்மா இனிமே பேசவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். மாட்டாங்க என்றேன். தலையை என் மடியில் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாஸ்டர் கொண்டுவந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை, அன்றைக்குத்தான் அழுதாள். அது கெட்ட ஆள், உன்னை ஏமாற்றிய ஆள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை, அது அவளுக்கும் தெரியும். அழுது முடியும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் அழுதது உனக்காக இல்லை.

அக்கா